மாமனார் திட்டாத நாள்

அந்த ரசாயனக் கிடங்கில் அவருக்கு முதலில் இருந்த பெயர் மருந்துக்காரர். யாரோ கிண்டலாக வைத்ததுதான், ஆனாலும் அதைப் பட்டம் போலச் சுமந்துகொண்டு திரிந்தார். பிறகு மகளைக் கட்டிக்கொண்டவன் அதே கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு லாரி டிரைவர் விளையாட்டாக, "என்ன மாமனாரே, சௌக்கியமா?" என்று கேட்டுவைக்க, மொத்தக் கிடங்கும் அதைப் பிடித்துக்கொண்டது. கேட்டில் நிற்கிற காவலாளியிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் மாமனார், அவன் மாப்பிள்ளை. பாதி ஆயுளைக் கொடுத்துச் சம்பாதித்த பெயர் போன இடம் தெரியவில்லை. நல்ல மனுஷனாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இவர் நல்ல மனுஷன் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுவது உத்தமம், பிறகு யாரும் ஏமாற வேண்டாம்.

என்ன மருந்து என்று கேட்டால், கிடங்கின் கோடியில் தனியாக நிற்கும் வெள்ளை டேங்குக்கான மருந்து. அதில் இருந்தது ஸ்டைரீன். பார்த்தால் தண்ணீர்தான். மூடியைத் திறந்தால் தித்திப்பும் காரமுமாக ஒரு வாடை வந்து மூக்கைப் பிடுங்கும். தெர்மாகோலும் பிளாஸ்டிக் டப்பாவும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. ஆனால் குணம் பொல்லாதது. சும்மா விட்டால் அதன் துகள்கள் தங்களுக்குள் கைகோத்துக்கொண்டு கெட்டிப்படத் தொடங்கும். கைகோக்கும்போது சூடு கிளம்பும். சூடு கிளம்பினால் இன்னும் வேகமாகக் கைகோக்கும். ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் எவன் சொன்னாலும் கேட்காது. டேங்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும், இல்லையென்றால் உள்ளேயே இறுகிப் பாறையாகிவிடும். அப்படிக் கைகோக்க விடாமல் குறுக்கே நிற்பதுதான் மருந்து. கொஞ்சமே கொஞ்சம் கலந்தால் போதும். ஆனால் அந்த மருந்து வேலை செய்யக் காற்று வேண்டும். திரவத்தில் காற்று கரைந்திருக்கும்வரைதான் அது மருந்து. காற்றை விரட்டிவிட்டால் குடம் குடமாக ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. தினமும் டேங்கின் அடிக்குழாயிலிருந்து கொஞ்சம் பிடிப்பார். சோதனைக் குழாயில் மெத்தனாலை எடுத்து அதில் சில சொட்டு விடுவார். தெளிவாக இருந்தால் எல்லாம் நலம். பால் கலந்ததுபோல வெளுத்தால் உள்ளே கெட்டிப்பட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அவர் காலத்தில் அது வெளுத்ததே இல்லை. குளிர்விக்கும் இயந்திரத்தின் சத்தம் லேசாக மாறினாலும் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார். "என் கண்ணுக்குத் தப்பி இந்த இடத்துல ஒரு ஈ உள்ள வர முடியாது" என்பார். பீற்றல்தான், ஆனால் பொய் இல்லை.

அதே கண்ணை வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் கொடுமை. கொடியில் துணி மாட்டும் கிளிப்பில் ஒன்று குறைந்தால் தெரிந்துவிடும். சோப்பு தண்ணீரில் கிடந்தால் தெரிந்துவிடும். தெரிந்ததும் வாய் திறந்துவிடும். "கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து பரீட்சை எழுதறேன், இன்னும் பாஸ் ஆகல" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். பாஸ் ஆகாமலேயே போய்ச் சேர்ந்தாள். அவள் கிடத்தப்பட்டிருந்த அன்றும், வந்தவர்களுக்கு நாற்காலி போட்ட லட்சணத்தைப் பற்றி வாசலில் நின்று ஒருவனை வறுத்தெடுத்தார். அவளைப் பார்த்து அழுதாரா என்று கேட்டால், யாரும் பார்க்கவில்லை.

அந்த மனுஷனுக்கும் ஒரு உயிர் இருந்தது. மகள். அவளைத் திட்டும்போது மட்டும் குரல் பாதியில் இறங்கிவிடும். அம்மா போன பிறகு சாயங்காலமானால் அவரெதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இன்றைக்கு எவனை வாங்கு வாங்கென்று வாங்கினார் என்று கதை கேட்பாள். "பாவம்பா அந்த ஆளு" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே சில சமயம் ஒருவனைக் கூடுதலாகத் திட்டிவிட்டு வருவார். பிறகு அவளே ஒருத்தனைப் பிடித்திருக்கிறது என்றாள், கட்டிக்கொண்டாள். இருவரும் அவரோடு கம்பெனி வீட்டிலேயே தங்கினார்கள். ஸ்டூல் சுவரோரம் போனது. சிரிப்பு சமையலறைக்குப் போனது. அவர் உள்ளே நுழைந்தால் அங்கே சிரிப்பு சட்டென்று நின்றுவிடும். அது நிற்பதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு பற்றி எரிந்தது. என்றைக்காவது இவன் அவளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விடுவான் என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அதற்குமுன் அவள் ஒருநாள் தன் பக்கம் திரும்பி, "நீங்க சொன்னது சரிதாம்பா, இவரு எதுக்கும் லாயக்கில்ல" என்று சொல்லிவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாப்பிள்ளையோ திட்டுக்கு அசைகிற ஆள் இல்லை. முன்பு பெயின்ட் கரைக்கிற சால்வென்ட் திரவங்களின் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தவன், நல்ல உழைப்பாளி. தெரியாததைத் தெரியாது என்று கேட்பான். கேட்டால் இவர் சொல்லித்தர மாட்டார்.

"மாமா, இந்த டேங்குக்கு மட்டும் ஏன் தனியா மருந்து?"

"மாப்பிள்ளைக்கு எல்லாத்தையும் வாயில ஊட்டி விடணுமோ? கண்ணு எதுக்கு இருக்கு? பாத்துக் கத்துக்குங்க."

நீங்க, வாங்க, போங்க என்று மரியாதைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். அந்த மரியாதையில்தான் ஊசி இருக்கும். ஏணியை மாற்றிச் சாய்த்தால், "மாப்பிள்ளைக்கு ஏணியில கால் எது தலை எதுன்னு தெரியல, யாராவது காட்டுங்கப்பா" என்று ஊரைக் கூட்டுவார். கூட வேலை செய்பவர்களுக்கே பொறுக்காது. மாப்பிள்ளை மட்டும் ஏணியைத் திருப்பி வைத்துவிட்டுச் சிரிப்பான்.

"விடுங்கண்ணே. எனக்கு இங்க வேற யாரு சொல்லித் தர்றா? மாமா திட்டினா தப்பு, திட்டலைன்னா சரி. அப்படியே பழகிட்டேன்."

அந்தக் கோடையில் குளிர்விக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. பாகம் வர நாளாகும் என்றார்கள். அதோடு சேர்த்து, திரவத்தைச் சுற்றிச்சுற்றி ஓடவிடும் பம்பையும் நிறுத்தினார்கள். டேங்கின்மேல் தண்ணீர் பீய்ச்சிச் சமாளித்தார்கள். மருந்து இருக்கிறது, காற்று இருக்கிறது, தாங்கும் என்றார் மருந்துக்காரர். தாங்கியும் இருக்கும். அதே நேரத்தில் பக்கத்து டேங்கில் வெல்டிங் வேலை ஆரம்பித்தது. தீ பிடித்துவிடாமல் அந்த டேங்கின் உச்சியில் தண்ணீர்க் குழாயோடு காவல் நிற்க மாப்பிள்ளையைப் போட்டார்கள்.

வெயில் ஏற ஏற வெள்ளை டேங்கிலிருந்து வாடை கிளம்பியது. பொறி பறக்கிற இடத்தில் இந்த ஆவியா என்று அவனுக்குப் பகீரென்றது. முந்தைய கிடங்கில் அவன் கற்றது ஒரே பாடம்: காற்றுதான் எமன், நைட்ரஜனை உள்ளே விட்டுக் காற்றை வெளியேற்று, தீ அண்டாது. அங்கே அப்படிச் செய்ததற்குக் கைதட்டு வாங்கியிருக்கிறான். வெள்ளை டேங்குக்கும் ஒரு நைட்ரஜன் குழாய் போயிற்று. முன்னொரு காலத்தில் அதில் சால்வென்ட் இருந்தபோது போட்டது, கழற்றாமல் விட்டிருந்தார்கள். அதன் வால்வில் ஒரு எச்சரிக்கைப் பலகை மாட்டலாமே என்று மேனேஜர் ஒருமுறை சொன்னபோது, "நான் இருக்கும்போது பலகை எதுக்கு சார்?" என்று மாமனார் அடித்துப் பேசிவிட்டார். மாப்பிள்ளை கீழே இறங்கி வந்து, அந்த வால்வைத் திறந்தான். திறந்துவிட்டு, சரியா தப்பா என்ற குழப்பத்தோடு மறுபடி மேலே ஏறிப் போனான்.

கொஞ்ச நேரத்தில் மாமனார் அந்தப் பக்கம் வந்தார். வால்வின் கைப்பிடி திரும்பியிருப்பது கண்ணில் பட்டது. ஈ நுழைந்தாலே தெரிகிற கண்ணாயிற்றே! கிட்டே போனார், கைப்பிடியில் கை வைத்தார். உள்ளே நைட்ரஜன் ஓடுவது விரலில் தெரிந்தது. யார் வேலை என்று யோசிக்கவே தேவையில்லை. ஒரு திருகு திருகினால் முடிந்தது. மூடவில்லை. அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்பது அந்த நேரம் பார்த்துத்தானா ஞாபகத்துக்கு வர வேண்டும்? அத்தனை பேர் முன்னாலும் இந்த வால்வைக் காட்டி, எவன் திறந்தது என்று கேட்டு, அவன் தலையைக் குனிந்து நிற்க, கதை வீடுவரைக்கும் போக... நினைக்கும்போதே வாய் ஊறியது. கையை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். என்ன ஜென்மமோ!

அன்று வீட்டில் சமையலறைச் சிரிப்பு வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. சிரிங்க சிரிங்க, இன்னும் கொஞ்ச நாள்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, மகளிடம் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன்பிறகு தினமும் வால்வைப் பார்த்தார், தினமும் விட்டுவிட்டுப் போனார். சோதனைக் குழாயில் சொட்டு விட்டபோது ஒருநாள் லேசாக மங்கியது. அடுத்த முறை நன்றாகவே வெளுத்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அப்படி வெளுத்ததைக் கண்டு பதற வேண்டிய மனுஷன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். சாட்சி வலுக்கிறது! கழிவுப் பீப்பாயில் கொட்டிவிட்டுக் குழாயைக் கழுவினார். அவர் ஒன்றும் டேங்கை வெடிக்கவைக்க நினைக்கவில்லை. வெப்பமானியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முள் மெதுவாகத்தான் ஏறியது. ஆட்கள் வந்துபோனதும் வால்வை மூடி, காற்றை ஊதி, மருந்தைக் கூடுதலாக விட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஒன்றை மட்டும் மறந்தார். அந்த வெப்பமானி இருப்பது டேங்கின் அடியில். பம்ப் ஓடும்வரை மேலும் கீழும் கலந்து ஒரே சூடாக இருக்கும். பம்ப் நின்ற பிறகு சூடெல்லாம் மேலே போய்க் குவியும், அடியில் இருக்கிற முள்ளுக்கு ஒன்றும் தெரியாது. சின்னப் பையன்களுக்கு அவரே இதைச் சொல்லித் திட்டியிருக்கிறார். பகை கண்ணை மறைக்கும்போது சொந்த வித்தை கூடக் கைகொடுக்காமல் போகிறது.

பெரிய ஆட்கள் வந்தார்கள். தொப்பி மாட்டிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். வெள்ளை டேங்கின் அருகே மாமனார் நின்றார்.

"சார், இதைப் பாருங்க. காத்து இருக்க வேண்டிய டேங்குல நைட்ரஜனைத் தொறந்து விட்டிருக்கு. மருந்தோட கழுத்தை நெரிச்ச மாதிரி. இதை எந்த மகராசன் தொறந்ததுன்னு கேளுங்க சார்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை முன்னால் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான் சார் தொறந்தேன். வெல்டிங் நடக்குதேன்னு... மாமா, இதுக்குக் காத்து வேணுமா?"

"கேட்டீங்களா சார்? இத்தனை நாளா இங்க வேலை பாக்கறாரு, இப்ப வந்து காத்து வேணுமான்னு கேக்கறாரு! எம்பொண்ணைக் கட்டினதைத் தவிர இவர் ஒரு வேலையும் உருப்படியா செஞ்சதில்ல."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் இத்தனை நாள் காத்திருந்தது அந்தச் சிரிப்புக்குத்தான். அதை முழுசாக அனுபவிக்கக்கூட நேரமில்லை. ஏணியில் நாலு படி ஏறி டேங்கின்மேல் கை வைத்த மேனேஜர், "ஐயோ!" என்று கையை உதறினார். கீழே முள் அப்பாவியாக நின்றுகொண்டிருந்தது. மேலே தகடு அடுப்பாகச் சுட்டது. ஓடிப்போய் வால்வை மூடி, பம்பைப் போட்டார்கள். அது முனகியது, இழுக்கவில்லை. உள்ளே இருந்தது தண்ணீராக இல்லை, பசையாகிவிட்டிருந்தது. குழாய் வழியாக மருந்து போகாது. மேலே ஏறி மூடியைத் திறந்து ஊற்ற வேண்டும்.

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். மருந்து ஊற்றுவது அவர் வேலை. அவருக்குக் கால் நகரவில்லை. மேலே எவ்வளவு சூடு இருக்கும் என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"மாமாவுக்கு முட்டி வலி சார்," என்று மாப்பிள்ளை மருந்து கேனைத் தூக்கினான். "நான் தொறந்த வால்வு, நானே போறேன்."

முகமூடியை மாட்டிக்கொண்டு ஏறினான். மூடியை முதலில் ஒரு விரற்கடை மட்டும் நெகிழ்த்த வேண்டும், உள்ளே இருக்கும் அழுத்தம் மூச்சுவிட்டு அடங்கும்வரை கேனைத் திறக்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். இதை அவர் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. இப்போது கத்திச் சொல்லலாம். சொன்னால், இதை முன்னாடியே ஏன் சொல்லித் தரவில்லை என்று பெரிய ஆட்கள் கேட்பார்களே என்று யோசித்தார். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மூடி படாரென்று எகிறியது. ஆவி அடித்த வேகத்தில் முகமூடி பறந்தது, திறந்து வைத்திருந்த கேன் அவன் முகத்திலேயே கவிழ்ந்தது. டேங்குக்கு மருந்தாக இருப்பது தோலுக்கும் கண்ணுக்கும் விஷம். அவன் அலறிய அலறலை அங்கே இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். கைப்பிடிக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதால் கீழே விழவில்லை, அவ்வளவுதான்.

தீயணைப்பு வண்டிகள் வந்து விடாமல் தண்ணீர் அடித்தன. டேங்க் வெடிக்கவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் மஞ்சள் பாறையாக இறுகிப்போக, பிற்பாடு ஆட்களை இறக்கி உளி வைத்துப் பெயர்த்தார்கள். ஒரு உயிரும் போகவில்லை, அதிர்ஷ்டம் என்று பெரிய ஆட்கள் பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டு கண்ணும் போயிற்று. விசாரணை நடந்தது. நைட்ரஜனைத் திறந்தது நான்தான், வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை என்று அவன் கட்டுப்போட்ட முகத்தோடு சொன்னான். மாமனார் தலையாட்டினார். அவனுக்கு வேலை போயிற்று. கிடங்கில் மாப்பிள்ளை இல்லாமல்போன பிறகு மாமனார் என்று கூப்பிட எல்லோருக்கும் நாக்குக் கூசியது. மெல்ல மெல்லப் பழைய பெயர் திரும்பி வந்தது. "மருந்துக்காரரே" என்று ஒரு டிரைவர் கூப்பிட்டபோது, வெட்கங்கெட்ட மனுஷன், ஒரு கணம் நிமிர்ந்து நின்றார்.

வீட்டில்தான் நினைத்தது நடக்கவில்லை. மகள் புருஷனை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். ஆனாலும் அவனால் இனி அவளைக் கூட்டிக்கொண்டு எங்கேயும் போக முடியாது என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி. மகள் வேலைக்குப் போகத் தொடங்கியதால் வீட்டு வேலையெல்லாம் அவளுக்கு லீவு நாளில் குவிந்தது; அன்றைக்கு அவன் கண்குழியில் எரிச்சலடங்கச் சொட்டு மருந்து விடும் பொறுப்பு அவருக்கு வந்தது. வெகு கவனமாகச் செய்தார். ஒரு சொட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் விழாது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அப்படித்தான் அவன் தலையை நிமிர்த்திப் பிடித்திருந்தார். மகள் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றான் மாப்பிள்ளை. "தப்பா எடுத்துக்காதீங்க."

"ஆடாதீங்க. கேளுங்க."

"நான் வால்வைத் தொறந்த அன்னைக்கு நீங்க வந்து அதுல கை வெச்சீங்க இல்ல? நான் பக்கத்து டேங்கு மேல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். தொறந்ததுலேருந்து எனக்கு ஒரே பயம். நீங்க ஒண்ணும் சொல்லாம போனீங்க பாருங்க, அப்பதான் உயிரே வந்துச்சு. சரியாத்தான் செஞ்சிருக்கேன்னு விட்டுட்டேன். இல்லன்னா ஓடிப்போய் மூடியிருப்பேன்."

அவர் மருந்துக் குப்பியை மூடினார்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் இவகிட்ட சொன்னேன். ஞாபகமிருக்கா உனக்கு?"

மகள் துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள். "இருக்கு. 'உங்கப்பா இன்னைக்கு வந்து பாத்தாரு, திட்டவே இல்ல'ன்னு சொல்லிட்டு, சின்னப் புள்ள மாதிரி குதிச்சீங்க."

"விசாரணையில சொல்லலாம்னுதான் நெனச்சேன் மாமா. அப்புறம், வயசாயிடுச்சு, கை வெச்சும் கவனிக்காம விட்டுட்டாருன்னு உங்களைப் பேசுவாங்களேன்னு விட்டுட்டேன். நீங்க அன்னைக்குக் கவனிக்கலதானே?"

மகள் எழுந்து கிட்டே வந்தாள். அவளுக்கு அவள் அப்பாவைத் தெரியும். கொடியில் ஒரு கிளிப் குறைந்தால் கண்டுபிடிக்கிற ஆள். அவர் கவனிக்காமல் விட்டது என்று ஒன்று அவள் பிறந்ததிலிருந்து நடந்ததில்லை.

"அப்பா," என்றாள். "என்னைப் பாத்துச் சொல்லுங்க. பாத்தீங்களா, பாக்கலையா?"

பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். கண் மங்கிவிட்டது, கிழவனாகிவிட்டேன் என்று அழுதால் அவளே அணைத்துக்கொள்வாள். ஆனால் மகள் முகத்தை அத்தனை பக்கத்தில் பார்த்து அவருக்கு வெகுகாலம் ஆகியிருந்தது. பொய் வரவில்லை.

"பாத்தேன்," என்றார்.

மகள் அவர் கையிலிருந்து மருந்துக் குப்பியை வாங்கிக்கொண்டாள். அலமாரியைத் திறந்து, புருஷனுடைய துணிகளையும் தன்னுடையதையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளைக்கு அது தெரியவில்லை. மாமனாரின் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, புரியாமல் கேட்டான்.

"பாத்தீங்களா? அப்புறம் ஏன் மாமா என்னைத் திட்டல?"